டெண்டர் விடாத கோப்பு எப்போது குற்ற வழக்காகிறது?

ஒரு மாதிரிக் கோப்பை எடுத்துக்கொள்வோம். மார்ச் 24 அன்று மாநில அரசு அலுவலகம் ஒன்றில் 40 இயந்திரங்கள் வாங்கக் குறிப்பு எழுதப்படுகிறது. ஒன்றின் விலை 1.20 லட்சம், மொத்தம் 48 லட்சம். "நிதியாண்டு முடிய ஒரு வாரமே உள்ளதாலும், பொருள் அவசரமாகத் தேவைப்படுவதாலும், முன்பே சப்ளை செய்த நிறுவனத்திடமே வாங்கலாம்" என்கிறது குறிப்பு. கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போடுகிறார். கணக்கு அலுவலர் "விதிகளுக்குட்பட்டுப் பரிசீலிக்கலாம்" என்று பட்டும் படாமலும் ஒரு வரி எழுதி நகர்த்துகிறார். துறைத் தலைவர் பச்சை மையில் "அனுமதிக்கப்படுகிறது" என்று கையெழுத்திடுகிறார். 30ஆம் தேதி சரக்கு இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. 31ஆம் தேதி பில் பாஸாகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தணிக்கையில் கேள்வி வருகிறது: டெண்டர் எங்கே?

இந்தக் கோப்பில் விதிமீறல் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். குற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டெண்டர் விடவில்லை என்றாலே ஊழல், ஜெயில் என்று ஒரு பக்கம் பேசுவார்கள். பணம் வாங்கியதை நிரூபிக்காத வரை எதுவும் செய்ய முடியாது என்று அலுவலகத்துக்குள் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். இரண்டுமே பிழை. விதிமீறலுக்கும் குற்றத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை அரசுத் தரப்பு இரண்டு விஷயங்களால் நிரப்பியாக வேண்டும்: இதனால் யாருக்கு ஆதாயம் போனது, அது தெரிந்தே செய்யப்பட்டதா.

முதலில், மீறப்பட்ட விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இது சட்டம். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளும், அரசுத் துறைகள் மட்டுமல்லாமல் வாரியங்கள், உள்ளாட்சிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள்; குறைக்க வேண்டுமானால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலுள்ளவர் காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும் என்கிற அளவுக்கு விதிகள் நுணுக்கமானவை. மத்திய அரசில் நிலைமை வேறு. அங்கே பொதுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2012இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா, அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. இருப்பது 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். அவை நிர்வாக அறிவுறுத்தல்கள்தாம். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம். கீழே நம்பிக்கை மோசடிப் பிரிவுக்கு வரும்போது இதன் கனம் தெரியும்.

டெண்டர் இல்லாமல் வாங்குவது எல்லாமே மீறலும் அல்ல. மீரட் மாநகராட்சி தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில், அரசு ஒப்பந்தங்கள் பொது ஏலம் அல்லது டெண்டர் மூலமே தரப்பட வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, விலக்குகளையும் சொல்லியது: இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசர நிலை, ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள், பலமுறை ஏலம் விட்டும் ஆள் வராத நிலை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007 ஜூலையில் இதை மேற்கோள் காட்டியே போட்டியின்றி ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாமினேஷன் முறைக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலும் பேரிடர், ஒற்றை மூலம் போன்ற விலக்குகள் உண்டு. மத்திய விதிகளில் 166ஆம் விதி ஒற்றை டெண்டருக்கு மூன்று வழி விடுகிறது: குறிப்பிட்ட நிறுவனம் மட்டுமே உற்பத்தி செய்கிறது; அவசரத் தேவை, அதற்கான காரணம் பதிவு செய்யப்பட்டு உரியவர் அனுமதி பெறப்பட்டுள்ளது; ஏற்கனவே உள்ள இயந்திரத்தோடு பொருந்த வேண்டிய உதிரி பாகம், அதுவும் தொழில்நுட்ப வல்லுநர் பரிந்துரையோடு.

நம் மாதிரிக் கோப்பு இதில் எதிலும் சேராது. "அவசரம்" என்ற சொல் இருக்கிறது, ஆனால் அவசரம் பொருளுக்கு அல்ல, நிதிக்கு. ஒதுக்கீடு மார்ச் 31இல் காலாவதியாகிவிடும் என்பது விலக்கே ஆகாது. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அடித்துப் பிடித்துச் செலவழிப்பதை நிதி ஒழுங்குமீறலாகவே மத்திய விதி 62 சொல்கிறது. "முன்பே சப்ளை செய்தவர்" என்பதும் ஒற்றை மூலம் ஆகாது. அந்த நிறுவனம் உற்பத்தியாளரா, விற்பனை முகவரா என்றுகூடக் கோப்பில் இல்லை.

டெண்டரைத் தவிர்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படி வெளிப்படையாகத் தவிர்ப்பதில்லை. பழைய வழி, வேலையைப் பிரித்துப் போடுவது. ஒரே சாலையை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றும் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி எஸ்டிமேட் போட்டால், டெண்டர் வரம்பும் மேலதிகாரியின் அனுமதியும் ஒருசேரத் தவிர்ந்துவிடும். பொருள் கொள்முதலில் இப்படிப் பிரிப்பதைத் தடுக்கத்தான் மத்திய விதி 157 இருக்கிறது. இன்னொன்று, மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டதாகக் காட்டும் மூன்று கொட்டேஷன் வித்தை. மூன்றும் ஒரே நாளில் வந்திருக்கும், ஒரே எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் செய்த எழுத்துப்பிழை மற்ற இரண்டிலும் அப்படியே இருக்கும். மூன்றாவது வகை டெண்டரையே நடத்திவிட்டுத் தவிர்ப்பது: ஒரே நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து எழுதிய தொழில்நுட்ப நிபந்தனை, யாரும் படிக்காத பதிப்பில் விளம்பரம், போட்டியாளர்கள் தனித்தனியே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கு எடுத்த வங்கி வரைவோலைகளின் எண்கள் வரிசையாக ஓடுவது. புலனாய்வாளருக்கு இந்த மூன்றாவது வகையே பிடித்தமானது. டெண்டர் விடாதவர் அறியாமல் செய்தேன் என்று வாதிடலாம். போலிப் போட்டியை ஏற்பாடு செய்தவரால் அது முடியாது. நாடகம் நடத்தியதே உள்நோக்கத்துக்குச் சான்றாகிவிடும்.

இனி குற்றவியல் சட்டம். 2018க்கு முன் புலனாய்வு அமைப்புகளின் கையில் இருந்த பெரிய ஆயுதம், 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(1)(டி). அதில் மூன்று கூறுகள். முதல் இரண்டும் ஊழலான அல்லது சட்டவிரோத வழியில், அல்லது பதவியைத் தவறாகப் பயன்படுத்தி ஆதாயம் பெறுவது. மூன்றாவதுதான் அதிகாரிகளை உறங்கவிடாமல் செய்தது: பதவியில் இருக்கும்போது, பொதுநலன் ஏதுமின்றி, யாரோ ஒருவருக்குப் பண ஆதாயம் கிடைக்கச் செய்வது. தனக்கு ஒரு ரூபாய்கூட வர வேண்டியதில்லை.

இதை நேரடியாகச் சந்தித்த கொள்முதல் வழக்கு தொலைத்தொடர்புத் துறையினுடையது. 1990களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிறுவனம் ஒன்றிடம் அதிக விலைக்குக் கருவிகள் வாங்கியதில் அரசுக்கு 1.66 கோடி ரூபாய் இழப்பு என்பது குற்றச்சாட்டு. முன்னாள் அமைச்சர் சுக்ராமுக்கு 2002இல் மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. துறையின் நிதிப் பிரிவு அதிகாரி ரூனு கோஷும் தண்டிக்கப்பட்டார். 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தபோது, மூன்றாவது கூறுக்குக் குற்ற மனம் என்று தனியாக ஒன்றை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. பொதுநலனை வெளிப்படையாகவே புறக்கணித்த முடிவு என்று காட்டினால் போதும். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம், ஜாஃபர் ஷெரீஃப் வழக்கில், நேர்மையற்ற நோக்கமே 13(1)(டி)யின் சாரம் என்று சொல்லி முன்னாள் ரயில்வே அமைச்சரை விடுவித்தது. இரண்டு தீர்ப்புகளும் ஒரே பிரிவைப் பற்றியவை. கீழமை நீதிமன்றங்கள் தத்தம் வழக்குக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டன.

நிலக்கரித் துறை முன்னாள் செயலர் எச்.சி. குப்தாவுக்கு 2017 மே மாதம் டெல்லி சிறப்பு நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது. அது கொள்முதல் அல்ல, சுரங்க ஒதுக்கீடு. ஆனால் பிரச்சினை அதேதான், போட்டி முறை இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்தது. அவர் பணம் வாங்கினார் என்பது வழக்கே அல்ல. அதிகாரிகள் சங்கங்கள் அப்போது எழுப்பிய குரல்தான் 2018 சட்டத்திருத்தத்துக்கு வேகம் கொடுத்தது என்பது என் கணிப்பு.

அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று 2ஜி அலைக்கற்றை வழக்கின் தீர்ப்பு வந்தது. இது தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த வழக்கு, ஆனால் அதன் சட்டப் பாடம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம், முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறை தன்னிச்சையானது என்று சொல்லி 122 உரிமங்களை ரத்து செய்தது. அதே ஒதுக்கீட்டைப் பற்றிய குற்ற வழக்கில் ஆ. ராசா உள்ளிட்ட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. ஒரே செயல் நிர்வாகச் சட்டத்தின் கண்ணில் செல்லாததாகவும், விசாரணை நீதிமன்றத்தின் கண்ணில் நிரூபிக்கப்படாத குற்றமாகவும் நின்றது. இதில் முரண்பாடு இல்லை. உரிமத்தை ரத்து செய்ய முறை தவறு என்று காட்டினால் போதும். ஆளைச் சிறைக்கு அனுப்ப, அவர் மனதில் இருந்ததைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். உரிமங்களை ரத்து செய்த தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே, 2012ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்குப் பதிலளித்த உச்ச நீதிமன்றம், ஏலம் மட்டுமே அரசமைப்பு ஏற்கும் ஒரே வழி அல்ல என்றும் சொல்லியிருந்தது.

2018 ஜூலை 26 முதல் 13(1)(டி) இல்லை. புதிய 13(1)இல் இரண்டே கூறுகள்: ஒப்படைக்கப்பட்ட சொத்தை நேர்மையின்றிக் கையாடுவது, வேண்டுமென்றே சட்டவிரோதமாகச் சொத்துச் சேர்ப்பது. தண்டனை 4 முதல் 10 ஆண்டுகள். லஞ்சத்துக்கான 7ஆம் பிரிவில், கடமையை முறைகேடாகச் செய்யும் நோக்கத்தோடு முறையற்ற ஆதாயம் பெறுவது அல்லது பெற முயல்வது என்று எழுதப்பட்டிருக்கிறது. 3 முதல் 7 ஆண்டுகள். ஆதாயம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மொத்தத்தில், அடுத்தவருக்கு லாபம் கிடைத்தது என்பதை மட்டும் வைத்து இனி ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நிற்காது. 2018க்கு முன் நடந்த கொள்முதலுக்குப் பழைய பிரிவிலேயே வழக்குகள் தொடர்கின்றன, ஆகவே இன்று நீதிமன்றங்களில் இரண்டு சட்டமும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஓடுகின்றன.

அதனால் டெண்டர் தவிர்ப்பு வழக்குகளின் எடை இப்போது பொதுக் குற்றச் சட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது. முக்கியமானது அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடி: பழைய தண்டனைச் சட்டத்தில் 409, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(5). ஆயுள் தண்டனை வரை போகக்கூடியது. இதன் வரையறையில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: அந்த நம்பிக்கையை எந்த முறையில் நிறைவேற்ற வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டிருக்கிறதோ அதை மீறி, நேர்மையின்றிச் சொத்தைப் பயன்படுத்துவது. டெண்டர் சட்டம் என்பது அப்படியொரு முறைக் கட்டளைதான். தமிழ்நாட்டில் சட்டமன்றம் இயற்றிய சட்டமே மீறப்பட்டது என்று அரசுத் தரப்பு நேராகச் சொல்லலாம். மத்தியத் துறையில் மீறப்பட்டது நிர்வாக விதி, சட்டத்தின் கட்டளை அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது.

ஆனால் எங்கும் "நேர்மையின்றி" என்ற சொல் காவலாக நிற்கிறது. அதற்கு வரையறை தெளிவானது: ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ மற்றவருக்கு முறையற்ற இழப்போ ஏற்படுத்தும் நோக்கம். அறியாமை, சோம்பல், மேலிடத்துப் பயம் எதுவும் இந்த வரையறைக்குள் வராது. அவை துறை நடவடிக்கைக்குப் போதும், சிறைக்குப் போதாது. இடமலையாறு அணை வழக்கில் கேரளத்தின் முன்னாள் மின்துறை அமைச்சர் பாலகிருஷ்ண பிள்ளைக்கு உச்ச நீதிமன்றம் 2011 பிப்ரவரியில் ஓராண்டுச் சிறை விதித்தது. அங்கே நீதிமன்றத்தை நகர்த்தியது, சுரங்கப் பாதை வேலைகள் மிக அதிக விகிதத்தில் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கப்பட்ட விதம். விலை வித்தியாசம் கையில் இல்லாத டெண்டர் வழக்கு பெரும்பாலும் நொண்டியடிக்கும்.

வழக்கு பதியும் முன்பே ஒரு கதவு இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தம் கொண்டுவந்த 17ஏ பிரிவின்படி, அலுவல் கடமையில் எடுத்த முடிவு அல்லது பரிந்துரை பற்றிய குற்றச்சாட்டை விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி பற்றி மூன்று மாதத்தில் முடிவெடுக்க வேண்டும், ஒரு மாதம் நீட்டிக்கலாம். கையும் களவுமாக லஞ்சத்தோடு பிடிபடும் வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஆனால் கொள்முதல் என்றாலே எடுத்த முடிவும் செய்த பரிந்துரையும்தான், எனவே டெண்டர் வழக்குகள் எல்லாம் இந்த வாசலில்தான் வரிசையில் நிற்கின்றன. இந்தப் பிரிவு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்கப்பட்டது. விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போகும்போது 19ஆம் பிரிவின்படி இன்னொரு அனுமதி. இதைக் கொடுப்பவர் கோப்பைப் படித்து மனதைச் செலுத்தியதாகத் தெரியாவிட்டால், சாட்சி சொல்ல வரும் நாளில் குறுக்கு விசாரணையில் சிக்குவார். "எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே ஆடிப்போன வழக்குகள் உண்டு.

கையெழுத்துப் போட்ட எல்லோரும் மாட்டுவார்களா? இல்லை, மாட்டவும் கூடாது. குறிப்பை எழுதியவர், ஆட்சேபித்தவர், ஆட்சேபத்தை மீறி அனுமதித்தவர் என்று ஒவ்வொருவர் நிலையும் வேறு. "விதி இடம் தரவில்லை, டெண்டர் கோரலாம்" என்று எழுத்தர் எழுதியிருக்க, மேலே "விவாதிக்கவும்" என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் அதே எழுத்தர் தலைகீழாக ஒரு குறிப்பு வைத்திருந்தால், புலனாய்வாளர் அந்த இரண்டு தாளுக்கும் நடுவில் நடந்ததையே தேடுவார். எழுத்தர் அப்போது குற்றவாளியைவிடச் சாட்சியாகவே அதிகம் பயன்படுவார். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது பலர் செய்யும் முட்டாள்தனம். பக்க எண் இடிக்கும், மின்கோப்பில் என்றால் நேர முத்திரை அப்படியே இருக்கும்.

வாய்மொழி உத்தரவு பற்றியும் சொல்ல வேண்டும். மேலிடத்தில் சொன்னார்கள் என்பது நீதிமன்றத்தில் வாதமே அல்ல, தாளில் இல்லாதவரை. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்படி செயல்படக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. நடைமுறையில் அமைச்சர் அறையிலிருந்து வந்தவுடன் "இன்று நடந்த ஆய்வில் அறிவுறுத்தப்பட்டபடி" என்று தேதி, நேரத்தோடு ஒரு வரி எழுதி மேலே அனுப்புகிறவர்கள் மிகச் சிலர். அந்த வரிக்குப் பிறகு பல உத்தரவுகள் தானாகவே காணாமல் போய்விடும் என்பது தலைமைச் செயலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

பெரும்பாலான கோப்புகள் நீதிமன்றம் வரை போவதே இல்லை. தணிக்கைப் பத்தி, விளக்கம் கேட்டல், அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஆ)வின் கீழ் குற்றக் குறிப்பாணை. அலுவலக வழக்கில் "செவன்டீன் பி". இங்கே சாட்சியத்தின் தரம் வேறு. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். பதவி உயர்வு நின்றுபோகும், இழப்பைச் சம்பளத்தில் பிடிக்கலாம், ஓய்வூதியத்தில் கைவைக்கலாம். ஓய்வு பெறும் மாதத்தில் வந்து சேரும் குறிப்பாணையை, குற்ற வழக்கைவிட அதிகமாக அஞ்சுகிறவர்கள் உண்டு. குற்ற வழக்கில் விடுதலையானாலும் இது தானாக முடிவுக்கு வராது.

மாதிரிக் கோப்புக்குத் திரும்புவோம். புலனாய்வாளர் அதைக் கையில் எடுத்தால், டெண்டர் இல்லை என்பதை ஒரு வரியில் குறித்துக்கொண்டு வேறு மூன்று காகிதங்களைத் தேடுவார். முதலாவது, அதே மாதத்தில் அதே இயந்திரத்தை வேறு அலுவலகம் டெண்டரில் வாங்கிய விலை. அது 82,000 என்றால், ஒன்றுக்கு 38,000 வீதம் 40க்கு 15.20 லட்சம் கூடுதலாகப் போயிருக்கிறது. முறையற்ற இழப்புக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. இரண்டாவது, சப்ளை செய்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் பில் பணம் வந்த அடுத்த பத்து நாட்களின் வெளிச்செலவுகள். மூன்றாவது, சரக்கு ஏற்றிவந்த லாரியின் இ-வே பில், அதாவது சரக்கை எடுத்துச் செல்லும்போது உருவாக்க வேண்டிய மின்னணுச் சீட்டு. இருப்புப் பதிவேட்டில் மார்ச் 30 என்று இருக்க, இ-வே பில் ஏப்ரல் 11ஐக் காட்டினால், வராத சரக்குக்கு வந்ததாகச் சான்று கொடுத்துப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று ஆகிறது. அங்கே கணக்கைப் பொய்யாக்கிய குற்றம், பழைய தண்டனைச் சட்டத்தின் 477ஏ, இன்றைய சன்ஹிதாவின் 344, நேராக வந்து உட்கார்ந்துவிடும். ஏழாண்டு வரை சிறை. பதிவேட்டில் கையெழுத்திட்ட ஸ்டோர் கீப்பரிடம் முதலில் வாக்குமூலம் வாங்குவார்கள். அந்த நாளிலிருந்து வழக்கில் டெண்டர் பற்றிய பேச்சு இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.